தனக்கே ஓட்டுப் போடாதவர்

எங்கள் நகரில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் சிரிப்புதான் வரும். வார்டு தேர்தலில் தானே நின்று, ஓட்டுப் போடப் போகும்போது மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு, தன் சின்னத்துக்குப் பதிலாகப் பக்கத்துச் சின்னத்தில் விரலை வைத்து அழுத்திவிட்டு வந்தவர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் பால்காரர்கூடப் பால் ஊற்றமாட்டார். நானும் வாசல் கேட்டின் இந்தப் பக்கம் பாத்திரத்தோடு நின்று கேட்பேன். மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். அந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நான் சில வருடங்கள் சிரித்தேன்.

அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு லைன்மேன் அண்ணன். என் வீட்டு எதிரே புங்கமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரருக்கு மட்டும் அவர் வெறும் ‘லைனு’. இருவரும் இருபது வருடச் சிநேகிதர்கள். லைன்மேன் அண்ணன் ஒல்லி. முழங்கால் இரண்டும் தேய்ந்து போனவை. காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும். தோளில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் வாக்காளர் பட்டியல். முப்பது வருடம் கம்பியை அண்ணாந்து பார்த்த பழக்கத்தில் தெருவில் நடக்கும்போதும் மேலே பார்த்தபடிதான் நடப்பார். எங்கள் தெருவில் அப்போது சாக்கடைக்கு வாய்க்கால் கிடையாது. வாரத்துக்கு ஒரு முறையாவது அந்தத் தண்ணீரில் காலை விடுவார்.

“கீழ பாத்து நடய்யா லைனு” என்று இஸ்திரி அண்ணன் கத்துவார்.

“கீழ பாத்து நடக்கத்தான் இந்தத் தங்கச்சி இருக்கே” என்று என்னைக் காட்டுவார் அவர். நான் தரையைத் தவிர வேறு எதையும் பார்த்து நடந்தவள் இல்லை. பத்தாவது வரை படித்தேன். வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். அளவு எடுக்கும்போதுகூட அளவு ரவிக்கையைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவேன். ஆளுக்கு நேரே நின்று பேசுவது அவ்வளவு கஷ்டம் எனக்கு.

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில், பருத்தி விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற நகர் எங்களுடையது. நான்கே தெரு. இங்கேயே பிறந்தவர் என்று ஒருவரும் கிடையாது. செட்டிகுளத்தில் வெங்காயம் போட்டவர்கள், அரியலூர் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், பிள்ளைகள் படிப்புக்காக வந்தவர்கள், வாத்தியார்கள், வெளிநாட்டில் சம்பாதித்து வீடு கட்டியவர்கள் என்று எல்லோரும் வந்து சேர்ந்த இடம். இந்த நான்கு தெருவும் எப்படி ஓட்டுப் போடும் என்பதை அவர் டீக்கடையில் சொல்வது எல்லோருக்கும் மனப்பாடம்.

“மொதத் தெரு கோவத்துல போடும். ரெண்டாந் தெரு பழக்கத்துல போடும். மூணாந் தெரு யாரு ஜெயிக்கிறான்னு பாத்துப் போடும். நாலாந் தெரு பஸ் ஏறி ஊருக்குப் போயிப் போடும்.”

முதல் தெருவில் இருப்பதெல்லாம் சம்பளக்காரர்கள். ஆளும் கட்சி எதுவானாலும் அதன் மேல் அவர்களுக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கும். இரண்டாம் தெருக்காரர்கள் அப்பா போட்ட சின்னத்தை விடமாட்டார்கள். மூன்றாம் தெருக்காரர்களுக்குத் தோற்கிற பக்கம் நிற்கப் பிடிக்காது. நாலாம் தெரு எங்களுடையது. அங்கே வீடு இருந்தது, மனிதர்கள் இருந்தார்கள், ஓட்டு மட்டும் அவரவர் சொந்த ஊரில் இருந்தது. தேர்தல் சமயத்தில் மற்ற தெருக்களில் பணக் கவர் கொடுத்துக்கொண்டு வந்தவர்கள் எங்கள் தெரு முனையோடு திரும்பிவிடுவார்கள். “நம்மள ஏமாத்தக்கூட ஒரு ஆளு வர மாட்டேங்குறான் பாருங்க” என்று இஸ்திரி அண்ணன் வருத்தப்படுவார்.

லைன்மேன் அண்ணன் எப்போதும் தோற்கிற ஒரு சின்னக் கட்சியில் இருந்தார். ஓட்டுப் போடும் நாளில் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்ச தூரம் தள்ளி மூன்று கட்சிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பட்டியலில் நம் பெயரைத் தேடி, எண்ணை எழுதிச் சீட்டுக் கொடுப்பார்கள். மூன்றாவது மேசை அவருடையது. அவருடைய கட்சிக்கு ஓட்டுக் குறைவு, அந்த மேசையில்தான் கூட்டம் அதிகம். மற்ற இரண்டு மேசையிலும் யாருக்குப் போடப் போகிறோம் என்று கேட்பது மாதிரி பார்ப்பார்கள். இவர் பெயரை மட்டும் பார்ப்பார்.

யாரைப் பார்த்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். “ஓட்டு எங்க இருக்கு?” எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அப்புறம். யாருக்குப் போடுவீர்கள் என்று மட்டும் அவர் கேட்டதே கிடையாது. ஆனால் யார் யாருக்குப் போட்டார்கள் என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாயங்காலம் ஒரு துண்டுத்தாளில், எங்கள் பூத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்று எழுதி, மடித்து, டீக்கடையில் வருக்கி போட்டு வைத்திருக்கும் கண்ணாடி பாட்டிலுக்குள் போட்டுவிடுவார். எண்ணிக்கை முடிந்த அன்று டீக்கடைக்காரர் அதை எடுத்துப் பிரித்து உரக்க வாசிப்பார். ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கும். அவ்வளவுதான்.

“இவ்ளோ தூரம் மண்டயப் பிச்சுக்கிறதுக்கு நேரா கேட்டுட்டா என்னங்க?” என்று ஒரு வாத்தியார் கேட்டாராம்.

“கண்டுபிடிக்கிறது வேற சார், கேக்குறது வேற. கேட்டா அப்பறம் அது எனக்காகச் சொல்ற பதிலு” என்றாராம்.

என்னிடமும் ஒருநாள் அந்தக் கேள்வியைக் கேட்டார். தையல் மிஷின் மோட்டார் ஓடவில்லை என்று பார்க்க வந்தவர், திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, “தங்கச்சி, ஓட்டு எங்க இருக்கு?” என்றார்.

“ஊர்லண்ணே. திருமழபாடில.”

“தண்ணி எங்க புடிக்கிறீங்க?”

“இங்கதாண்ணே.”

“தண்ணி ஒரு எடத்துல, ஓட்டு ஒரு எடத்துல வச்சிருந்தா எப்புடி?” என்றார். பிறகு மிஷினுக்கு அடியில் குனிந்தபடியே ஒரு விஷயம் சொன்னார். “நான் வேலையில இருக்கறப்ப இந்த நகருக்குக் கம்பம் நட்டது நாங்கதான். நாலு தெருவுக்கும் நட்டோம். வெளக்கு போடறது நகராட்சி வேல. எங்க வரைக்கும் போட்டாங்க தெரியுமா? பட்டியல்ல பேரு எங்க முடியுதோ அங்க வரைக்கும். கம்பத்து மேல ஒக்காந்து பாத்தா கோடு கிழிச்ச மாதிரி தெரியும். அன்னிக்குப் புடிச்ச பைத்தியம் இது.”

என் ஓட்டைப் பற்றி நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை. தேர்தல் என்றால் எங்களுக்குப் பஸ் பயணம். அரியலூர் போய் அங்கிருந்து வேறு பஸ் மாறி, திருமழபாடியில் என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டில் இறங்குவோம். கோழி அடித்திருப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் அவர் திண்டில் சாய்ந்துகொண்டு எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வார். “நம்ம வூட்டுல ஏழு ஓட்டுன்னு வாக்கு குடுத்துட்டேன். மேலேருந்து ரெண்டாவது பட்டன். மாத்தி அமுக்கிட்டு வந்து நிக்காதீங்க.” கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன பட்டனைத்தான் அழுத்தினேன். அதில் எனக்கு வருத்தம்கூட இருந்ததில்லை. ஏழில் ஒன்று நான். அவ்வளவுதான் தெரியும்.

என் வீட்டுக்காரர் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவர். அவரிடம் லைன்மேன் அண்ணன் வந்து பேசியபோது, “அண்ணன் கோச்சுக்கும்ங்க” என்று தயங்கினார்.

“டிரைவர் தம்பி, உங்க அண்ணன் தெருவுல லைட்டு எரியுதா?”

“எரியுதுங்க.”

“இங்க?”

என் வீட்டுக்காரர் வாசலுக்கு எதிரே இருந்த இருட்டுக் கம்பத்தைப் பார்த்தார். “என்னுது அங்கயே இருக்கட்டும். இவளோடத வேணும்னா மாத்திக்குங்க” என்றார். மீந்துபோன குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது மாதிரிதான் சொன்னார். ஆனால் அப்படிச் சொன்னதால்தான் எனக்கு அது கிடைத்தது.

படிவத்தை லைன்மேன் அண்ணனே நிரப்பினார். கையெழுத்துப் போடும் இடத்தைப் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்துக் காட்டினார். ஊரில் வீட்டுக்காரரின் அண்ணனுக்குச் சேதி தெரிந்து, “ஓட்ட மட்டும் எடுத்துட்டுப் போனா போதுமா, வேரோட புடுங்கிட்டுப் போவச் சொல்லு” என்று போனில் சத்தம் போட்டார். ஒரு வருடம் பேசவில்லை. இதே மாதிரி எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசி அவர் பட்டியலில் சேர்த்தது நிறையப் பேர். சேர்ந்தவர்களில் பலர் அவர் கட்சிக்கு எதிர்க்கட்சிக்காரர்கள். அவருடைய கட்சிக்காரர் ஒருவர் ஒருமுறை அவரை நடுத்தெருவில் நிறுத்தி, “நீங்க சேத்துவுட்ட ஓட்டெல்லாம் நமக்கு வுழுந்திருந்தா இந்நேரம் நாம கோட்டையில இருந்திருப்போம்ணே” என்று கிண்டல் செய்தார். “சேக்கறது என் வேல. போடறது அவங்க வேல” என்று சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தபடி போய்விட்டார். அடுத்த வருடமே நாலாம் தெருவுக்கு விளக்கு வந்தது.

பிறகு வார்டு தேர்தல் வந்தது. அவருடைய கட்சியில் நிற்பதற்கு வேறு ஆள் இல்லாததால் அவரையே நிறுத்திவிட்டார்கள். மின்விசிறிச் சின்னம் கேட்டிருக்கிறார். பூட்டு சாவிதான் கிடைத்தது. “லைன்மேனுக்குப் பூட்டு சாவியா? ஃபியூஸ் கேரியர் தீந்துபோச்சாமா?” என்று டீக்கடையில் ஒரே சிரிப்பு. இஸ்திரி அண்ணன் வீட்டிலிருந்து ஒரு பெரிய பூட்டைக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவரை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துத் தெருத்தெருவாகக் கூட்டிப் போனார்.

எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தார்கள். லைன்மேன் அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, நானும் நிக்கிறேன். நிக்கிறவங்க எல்லாருமே நல்லவங்கதான். பாத்துப் போடுங்க.”

இஸ்திரி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “யோவ், இதுக்குப் பேரு ஓட்டு கேக்குறதா? எனக்குப் போடுன்னு ஒரு வார்த்த வாயில வருதா பாரு. வெளங்குனாப்லதான்.”

நான் சிரித்துவிட்டேன். அவர்கள் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வருடம் எங்கள் வாசலில் சாக்கடை தேங்கி, என் பெண்ணுக்கு இரண்டு தடவை காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். இரண்டாவது தடவை எனக்கு உயிரே போய்விட்டது. எனக்கு வேண்டியது ஒரு வாய்க்கால். நகராட்சி ஆபீசுக்குப் போய், மேசைக்கு முன்னால் நகராமல் நின்று, கேட்டு வாங்கிவருகிற ஆள் வேண்டும். தனக்கு ஓட்டுப் போடு என்று கேட்க முடியாத மனுசர் வாய்க்காலை எப்படிக் கேட்பார்? இந்த யோசனை வந்தபோது எனக்கே பயமாக இருந்தது. இந்த ஓட்டே அவர் வாங்கிக்கொடுத்தது. அதை அவருக்குப் போடாமல் இன்னொருவருக்குப் போடுவது உண்ட வீட்டில் கை வைப்பது போலத் தோன்றியது. நான்கு நாள் தைத்ததெல்லாம் கோணல். ஒரு ரவிக்கையின் கையை இரண்டு முறை பிரித்துத் தைத்தேன்.

ஓட்டுப் போடும் நாளில் தனியாகப் போனேன். என் வீட்டுக்காரருக்கு இங்கே ஓட்டு இல்லையே. வாழ்க்கையில் முதல் தடவையாக எந்தப் பட்டன் என்று யாரும் சொல்லி அனுப்பாமல் அந்த மறைப்புக்குப் பின்னால் நின்றேன். பூட்டு சாவிக்கு நேரே விரலைக் கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன். பிறகு எடுத்து, நான் நினைத்த இடத்தில் அழுத்தினேன். பீப் என்று சத்தம் வந்தது. எங்கள் தெரு வரைக்கும் கேட்டிருக்கும் என்று தோன்றியது.

வெளியே வந்தால் மூன்றாவது மேசையில் அவர். தானே நிற்கிற தேர்தலிலும் மேசையை விடவில்லை. மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் பென்சில், யாரோ ஒரு பாட்டியம்மாவின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, “போட்டாச்சா தங்கச்சி?” என்றார்.

“போட்டாச்சுண்ணே” என்று விரலில் வைத்த மையைப் பார்த்தபடி சொல்லிவிட்டு நடந்தேன்.

எதிர்பார்த்தபடி அவர் தோற்றுப்போனார். அதற்கு அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. டீக்கடைக்காரர் வருக்கி பாட்டிலிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார். மற்றவர்களுக்கு எழுதியிருந்தது வழக்கம்போல ஐந்து பத்து முன்னே பின்னே. தனக்கு எங்கள் பூத்தில் நாற்பத்தொரு ஓட்டு என்று எழுதியிருந்தார். மிஷினில் இருந்தது நாற்பது.

“லைன்மேன் மீட்டர்ல ஒரு யூனிட் கொறயுதுப்பா!” என்று டீக்கடைக்காரர் கத்தினாராம். அந்த நாற்பத்தொரு பேரையும் அவர் மனதில் பேர் பேராக எண்ணித்தான் எழுதியிருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் ஓடிப்போன ஒருவர் யார்? சிரிப்பாக ஆரம்பித்தது மறுநாள் துப்பறிவதாக மாறியது. தேர்தலுக்கு முந்தின வாரம் பெரிய கட்சி வேட்பாளரின் ஆட்கள் இருபது சோடி வெள்ளை வேட்டி சட்டையை இஸ்திரி வண்டியில் கொடுத்துத் தேய்த்து வாங்கிப் போயிருந்தார்கள். அது போதாதா?

“வேட்டி தேச்ச கை, அந்தப் பட்டனுக்குத்தான் போயிருக்கும்.”

“கழுத்துல பூட்டு, கையில அடுத்தவன் சாவி.”

இஸ்திரி அண்ணன், “கரிப்பெட்டி மேல கைய வச்சுச் சத்தியம் பண்றேன்யா” என்று சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் அதற்கும் சிரித்தார்கள். லைன்மேன் அண்ணனின் மனைவி துணிகளை மெயின் ரோட்டுக் கடைக்கு அனுப்ப ஆரம்பித்தார். லைன்மேன் அண்ணன் வெளியே தலைகாட்டவில்லை. சிநேகிதர் மேல் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது. ஆனால் இவர் இல்லை என்று அவர் சொன்னால் அடுத்த பெயரைத் தேடுவார்கள். அதற்குப் பயந்துதான் பேசாமல் இருந்தார் என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது.

இதெல்லாம் என் ஜன்னலுக்கு நேரே நடந்தது. இஸ்திரி அண்ணன் வண்டியில் எந்நேரமும் ரேடியோ பாடும். மூன்று நாளாக அது பாடவில்லை. நான்காம் நாள் வண்டி மேல் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அந்த மனுசர் புங்கமரத்தடியில் சும்மா உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மிஷினை ஓட்டவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் இருந்தேன். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அவர் மேல் விழுந்த பழி போய்விடும். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வராது.

மத்தியானம் செருப்பை மாட்டிக்கொண்டு லைன்மேன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். இவர் வாசலில் ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க தங்கச்சி. மோட்டாரு மறுபடி நின்னுடுச்சா?”

“இல்லண்ணே.”

“ஒக்காருங்க.”

நான் உட்காரவில்லை. “அண்ணே, அந்த ஒரு ஓட்டு… அது இஸ்திரி அண்ணன் இல்லண்ணே. நான்தான்.”

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். மிக்சியின் சின்னச் சின்னத் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு மூடியில் போட்டார்.

“நீங்களா” என்றார். “நாப்பத்தோரு பேருல மொதப் பேரே உங்க பேருதான் தங்கச்சி. யோசிக்காம எண்ணுன ஒரே பேரு.”

நான் அழுதுவிட்டேன். “என் பொண்ணுக்குக் காய்ச்சல்… வாய்க்கால்… நீங்க போயி ஆபீசுல… உங்களால கேக்க முடியாதுண்ணே. அதான் நான்…” என்று உளறிக்கொண்டே, யாருக்குப் போட்டேன் என்பதையும் சொல்ல வாயைத் திறந்தேன்.

“சொல்லாதீங்க!” என்று கையை நீட்டினார். கரண்டு போகிற கம்பியில் கை வைக்கப் போகிறவனைத் தடுப்பது போல இருந்தது. “அத மட்டும் சொல்லாதீங்க. எங்கிட்டயும் சொல்லக் கூடாது, உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லக் கூடாது. யோசிச்சுப் போட்டீங்கல்ல?”

“நாலு நாளு யோசிச்சேண்ணே.”

“அப்பறம் என்ன?” என்றார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குச் சிரிப்பு வந்தது. “ஊர்ல ஒரு மூஞ்சி பாக்கி இல்லாமப் படிச்சேன். உங்க மூஞ்சிய மட்டும் படிக்கல பாருங்க. எங்க படிக்கிறது? நீங்கதான் தலையத் தூக்குறதே இல்லியே. என்ன ஏமாத்துன ஒரே ஓட்டர் நீங்கதான். அடுத்த வாட்டி வெளிய வரும்போது மூணு மேசையயும் பாத்து ஒரே மாதிரி சிரிச்சுட்டுப் போங்க. எவன் கண்டுபுடிக்கிறான்னு பாப்போம்.”

“இஸ்திரி அண்ணன் பாவம்ணே. நான் டீக்கடைக்குப் போயி எல்லார்ட்டயும் சொல்லிடறேன்.”

“நீங்களா? டீக்கடைக்கா?” என்றார். “வூட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் காலை ஒரு பெரிய துணி மூட்டையோடு எங்கள் தெருவுக்கு வந்தார். டீக்கடையில் இருந்தவர்களையும் கூட்டி வந்திருந்தார். மூட்டையை இஸ்திரி வண்டி மேல் பொத்தென்று போட்டுவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

“அந்த ஒரு ஓட்டக் கண்டுபுடிச்சுட்டேன்யா. எனக்கு நானே போட்டுக்கல. அன்னிக்குக் கண்ணாடிய வூட்டுல மறந்து வச்சுட்டுப் போயிட்டேன். உள்ள போயி குத்துமதிப்பா அமுக்கிட்டேன். நேத்து யோசிச்சுப் பாத்தா, நான் அமுக்குனது சீப்பு!”

முதலில் டீக்கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. இஸ்திரி அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரை முதுகில் நாலு போடு போட்டார். “குருட்டுப் பயலே, குருட்டுப் பயலே, நாலு நாளா என்னக் கொன்னுட்டியேடா” என்று சொல்லிக்கொண்டே அடித்தார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். ரேடியோ பாட ஆரம்பித்தது.

சீப்புச் சின்னத்தில் நின்றவர் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த ஒரு சுயேச்சை. எங்கள் பூத்தில் அவருக்கு மொத்தமே மூன்று ஓட்டு. அவர் பூப்போட்ட ஒரு துவாலையோடு வந்து, “எங்க வூட்டுல ரெண்டு ஓட்டு. மூணாவது யாருன்னு தலயப் பிச்சுக்கிட்டு இருந்தேண்ணே. நீங்கதானா!” என்று லைன்மேன் அண்ணன் தோளில் போர்த்திக் கையெடுத்துக் கும்பிட்டார். இவரும் கூசாமல் வாங்கிக்கொண்டார். அந்த மூன்றாவது ஓட்டு நானா என்று என்னைக் கேட்காதீர்கள். வாய்க்கால் இரண்டு வருடம் கழித்து வந்தது. அதை யார் கொண்டுவந்தது என்பதற்கு மூன்று மேசைக்கும் மூன்று கதை உண்டு.

அதன் பிறகு அவர் போன இடமெல்லாம் இந்தக் கிண்டல்தான். கல்யாண வீட்டில் இலை போட்டால், “அண்ணே, கண்ணாடியப் போட்டுக்குங்க, பக்கத்து எலையில கைய வச்சுடப் போறீங்க” என்பார்கள். கட்சிக்காரர்கள் மேடையிலேயே சொல்லிச் சிரித்தார்கள். அப்போதெல்லாம் அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. என்னைக் கண்டால் அதே பழைய மாதிரி, “மோட்டாரு ஓடுதா தங்கச்சி?” என்பார்.

முழங்கால் முழுக்க மடங்காமல் போனதும் அவரும் மனைவியும் ஜெயங்கொண்டத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார்கள். சாமான் ஏற்றுவதற்கு முன்பே அவர் செய்த வேலை, தன் ஓட்டை அங்கே மாற்றுவதற்குப் படிவம் கொடுத்தது. “இனிமே தண்ணி அங்கதான” என்றார். எங்கள் பட்டியலிலிருந்து அவர் பெயர் போய்விட்டது. போன மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார். இஸ்திரி அண்ணன்தான் வந்து சேதி சொன்னார். காரியத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள், தேய்க்கக் கொடுத்த ரவிக்கைகளை வாங்கப் போனேன். இத்தனை வருடம் கழித்தாவது இவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“அண்ணே, அன்னிக்கு லைன்மேன் அண்ணன் கண்ணாடி மறந்துட்டுப் போனதா சொன்னாருல்ல…”

அவர் கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “அவனா மறப்பான்? அன்னிக்குக் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் மேசையில ஒக்காந்து பொடி எழுத்துல பேரு தேடிக் குடுத்தானே, கண்ணாடி இல்லாமயா தேடுனான்? எனக்குச் சீட்டு எழுதுனதே அவந்தான். மூக்குல இருந்துச்சு கண்ணாடி.”

“அப்ப… உங்களுக்குத் தெரியுமா?”

“டீக்கடையில எல்லாத்துக்கும் தெரியும் தங்கச்சி. அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு. யாரையோ மறைக்கிறான். அவனே அப்புடி மறைக்கிறப்ப நாம போயி நோண்டலாமா? அதான் சிரிச்சோம்.”

“அது யாருன்னு…”

அவர் கரிப்பெட்டியைத் தூக்கி ஊதினார். சாம்பல் பறந்தது. “இந்தப் பச்ச ரவிக்கை பட்டா, பாலிஸ்டரா? சூடு பாத்து வைக்கணும்” என்றார். “பாலிஸ்டர்தாண்ணே” என்றேன்.

இந்தத் தடவை ஓட்டுப் போடப் போனபோது மூன்று மேசையும் அதே இடத்தில் இருந்தன. மூன்றாவது மேசையில் இஸ்திரி அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் கூட்டம் மெதுவாக நகர்ந்தது, ஆனாலும் அந்த மேசையை விட்டு யாரும் போகவில்லை. காதில் ஒரு பென்சில் செருகியிருந்தார். உள்ளே போய் என் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தேன். எப்போதும் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு பத்தடி நடந்தேன். பிறகு நின்று தலையைத் தூக்கினேன். முதல் மேசையைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாவது மேசையைப் பார்த்து அதே மாதிரி சிரித்தேன். இரண்டிலும் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது மேசைக்கு வந்து அங்கேயும் சிரித்தேன். இஸ்திரி அண்ணன் காதிலிருந்த பென்சிலை எடுத்து என் முகத்தையே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல், திரும்பவும் காதிலேயே செருகிக்கொண்டார்.